கட்டுத்தரையில் உண்ட விருந்தாளி

ஆல்பிரட் இறந்துவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் தெரிந்துகொண்டவர், எழுதப் படிக்கத் தெரியாத என் அம்மா. தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, சிங்காநல்லூர் மில்லிலிருந்து நான் கிணத்துக்கடவுத் தோட்டத்து வீட்டுக்கு வந்தபோது, சீமைத் தபால் ஒன்று அரிசிப் பானையின் மூடிமேல் பிரிக்காமல் இருந்தது. "எழுத்து மாறியிருக்குது கண்ணு. இது அந்தப் பையன் கையில்லீங்க" என்றார் அம்மா. வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வரும் அந்த உறைகளின் மேல் வலப்பக்கம் சாய்ந்து ஓடும் எழுத்தை அவர் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துப் பழகியிருந்தார். இந்த உறையில் எழுத்து நிமிர்ந்து நின்றது.

எழுதியவர் ஆல்பிரட்டின் தாயார். டிசம்பர் மழையில் நனைந்துகொண்டு மில்லிலிருந்து வீடு திரும்பியவருக்கு நெஞ்சில் சளி கட்டி, அது நிமோனியாவாகி, எட்டாம் நாள் உயிர் பிரிந்ததாம். வயது இருபத்தெட்டு. "உன் அம்மாவிடம் சொல்லிவிடு. அவர் கையால் சாப்பிட்டதைப் பற்றிக் கடைசி வாரத்தில்கூடப் பேசிக்கொண்டிருந்தான்" என்று முடித்திருந்தார். நான் தமிழில் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ரங்கங்கிட்ட ஆரு சொல்றது?" என்று கேட்டார். நான் கடிதத்தை உறைக்குள் மடித்து வைக்க ஆரம்பித்ததைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை நீங்க போயிச் சொல்லுங்க கண்ணு" என்றார். சரி என்றேன். அன்று போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

ஆல்பிரட்டை நான் நேரில் பார்த்தது ஒரே ஒரு மணி நேரம். அவருக்கு அஞ்சலி எழுத எனக்கென்ன உரிமை என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம். ஒரு வருஷம் முழுக்க அவருடைய கட்டிலில் நான் படுத்தேன், என் கட்டிலில் அவர் படுத்தார். என் அம்மா போட்ட சோற்றை அவர் உண்டார், அவர் அம்மா சுட்ட ரொட்டியை நான் தின்றேன். கூடப் பிறந்தவர்களிடம்கூட இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்க மாட்டோம்.

கோயமுத்தூரில் நான் படித்த கல்லூரியின் ஆசிரியர் ஒருவருக்கும், லங்காஷயரில் ஆல்பிரட் படித்த நூற்புப் பள்ளியின் ஆசிரியர் ஒருவருக்கும் கடிதத் தொடர்பு இருந்தது. பஞ்சு விளைவிக்கத் தெரிந்தவனுக்கு நூல் தெரிவதில்லை, நூல் தெரிந்தவன் பருத்திச் செடியைக் கண்ணால் கண்டதில்லை, ஒரு வருஷம் ஆளுக்கு ஆள் இடம் மாறிப் பார்க்கட்டும் என்று அவர்கள் முடிவு செய்தார்கள். விடுதிச் செலவுக்கு இரண்டு பக்கமும் வழியில்லை. ஆகவே அவரவர் வீட்டில் மற்றவர் தங்கிக்கொள்வது என்று ஏற்பாடு. நான் கப்பல் ஏறிய அதே வாரத்தில் அவரும் எதிர்த்திசையில் ஏறினார். நடுக்கடலில் எங்கேயோ இரண்டு கப்பல்களும் ஒன்றையொன்று தாண்டியிருக்க வேண்டும்.

என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லிவர்பூலில் இறங்கியபோது மழை. அவர்கள் ஊருக்கு மறுநாள் காலையில்தான் ரயில். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் ஜன்னலில் 'அறை காலி' என்று அட்டை தொங்கியது. கதவைத் திறந்த பெண்மணி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடைசி அறையும் பத்து நிமிஷத்துக்கு முன்புதான் போய்விட்டது என்று வருத்தம் தெரிவித்தார். படி இறங்கித் திரும்பிப் பார்த்தேன். அட்டை ஜன்னலிலேயே இருந்தது. அன்று ரயில்நிலையத்தில் பெட்டிமேல் உட்கார்ந்தே பொழுதைக் கழித்தேன்.

மறுநாள் ஆல்பிரட்டின் தாயாரிடம் இதைச் சொன்னபோது அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நெசவு மில்லில் நான்கு தறி ஓட்டிக்கொண்டிருந்த விதவை அவர். எங்கள் நாட்டில் அந்நியத் துணியை விலக்கச் சொல்லிக் கிளர்ச்சி நடந்த வருஷங்களில் அவர்கள் மில் பாதி நாள் மூடிக் கிடந்ததாம். அதற்காக என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. மேஜையின் தலைப்பக்கத்தில் இருந்த நாற்காலியைக் காட்டி, "அது ஆல்பிரட்டுடையது. இந்த வருஷம் உன்னுடையது" என்றார். நான் மாட்டிறைச்சி தொடமாட்டேன் என்று தெரிந்ததும், மறுநாள் வேலையிலிருந்து வரும்போது சின்னதாக ஓர் இரும்புச் சட்டி வாங்கிவந்தார். ஒரு வருஷமும் அதில் என் சாப்பாட்டைத் தவிர வேறெதுவும் வேகவில்லை. ஒருவருக்கென்று தனிப் பாத்திரம் வைப்பதை எங்கள் ஊரில் வேறு காரணத்துக்காகப் பார்த்திருக்கிறேன். அந்த நினைப்பு அப்போது எனக்கு வரவே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆல்பிரட் வந்து சேர்ந்தது ஆடி மாதம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆளைத் தள்ளிக்கொண்டு போகும் காற்று அடிக்கும் நாட்கள். கிணத்துக்கடவு ஸ்டேஷனில் கால் வைத்ததும் அவருடைய தொப்பி பறந்துவிட்டது. மாட்டு வண்டியோடு வந்திருந்த எங்கள் பண்ணையாள் ரங்கன்தான் ஓடிப் பிடித்தார். ஊர் தீண்டாதார் என்று ஒதுக்கிவைத்த குலத்தில் பிறந்தவர் அவர். எங்கள் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை ஓட்டுவதும், மாடுகளைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. ரங்கனை 'அவர்' என்று எழுதுவதைப் படித்து உறவினர் சிலர் முகம் சுளிப்பார்கள். சுளித்துக்கொள்ளட்டும்.

ரங்கன் தொப்பியைக் கையில் கொடுக்கவில்லை. தரையில் வைத்துவிட்டு நாலு அடி பின்னால் போய் நின்றார். இது இந்த நாட்டு மரியாதை என்று ஆல்பிரட் எடுத்துக்கொண்டார். அடுத்த நாள் காலையில் அப்பா வெளியே கிளம்பியபோது, சுவரோரம் இருந்த கைத்தடியை எடுத்துவந்து, அப்பாவின் காலடியில் வைத்துவிட்டு, எண்ணிப் பார்த்து நாலு அடி பின்வாங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வீடே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏன் சிரித்தார்கள் என்று அவருக்கு யாரும் விளக்கிச் சொல்லவில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றி அப்பா எனக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தார். நானும் படித்துச் சிரித்தேன்.

புது ஊரில் பொருந்திப்போவதை அவர் ஒரு பாடமாகவே எடுத்துக்கொண்டு படித்தார். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டு, அரப்புப் பொடி கண்ணில் விழுந்து, கிணற்றடியில் குதித்தார். இடது கையைத் தொடைக்கடியில் வைத்து அமுக்கிக்கொண்டு வலது கையால் சாப்பிடப் பழகினார். கொள்ளுப் பருப்பு முதலில் இறங்கவில்லை, பிறகு அது இல்லாமல் இறங்கவில்லை. பருத்திக் காட்டில் பெண்களோடு குனிந்து களை வெட்டினார். பஞ்சை இரண்டு கட்டைவிரல்களுக்கு நடுவில் இழுத்துப் பார்த்து இழை நீளம் சொல்வதில் மட்டும் அவர் எங்களுக்கே ஆசிரியர். நம் பஞ்சை வாங்கிப்போய் நமக்கே துணியாக விற்ற ஊர்க்காரர் என்று ஊரில் கேலி செய்வார்களாம். "ஆமாங்க, அது எங்கம்மா நெய்ஞ்ச துணிங்க" என்று சொல்லிச் சிரிப்பாராம்.

தமிழை அவர் கற்றது அம்மாவிடம். எங்கள் அம்மா கன்றுக்குட்டியையே "வாங்க கண்ணு" என்று அழைப்பவர். அவரிடம் கற்றவர் எப்படிப் பேசுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. மொழியோடு சேர்த்து அம்மா வேறொன்றையும் கற்றுக்கொடுத்தார். "வந்தவங்கள முதல்ல உக்காரச் சொல்லோணுங்க. காலுக்குத் தண்ணி குடுக்கோணும். சோறு உண்டாச்சுங்களான்னு கேக்கோணும். என்ன சோலியா வந்தீங்கன்னு அப்பறமாக் கேட்டுக்கலாம்." இதை அவர் தம்முடைய நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, வந்துபோகும் ஒறம்பரைகளிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். உறவுக்காரர்கள் அசந்துபோனார்கள்.

மாசி மாதம் கொடுமுடியில் ஒரு கல்யாணம். அப்பாவும் அம்மாவும் போய் மறுநாள் திரும்புவதாக ஏற்பாடு. ஆல்பிரட்டுக்கு உள்ளங்காலில் வேலமுள் ஏறிச் சீழ் வைத்திருந்ததால் அவரை விட்டுச் சென்றார்கள். அரிசியும் பருப்பும் சோறாக்கி, தயிர் தோய்த்து, வாழையிலை நறுக்கி வைத்துவிட்டுப் போயிருந்தார் அம்மா. உச்சிப்பொழுதில், கவலை மாடு ஒன்று காலை ஊன்ற முடியாமல் படுத்துவிட்டது என்று சொல்ல ரங்கன் வந்தார். வழக்கம்போல வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுத்தார். ஆல்பிரட் நொண்டிக்கொண்டு எழுந்துவந்தார். வீட்டில் இருக்கும் ஒரே ஆள் தாம்தான், ஆகவே விருந்தோம்ப வேண்டியவர் தாமே என்று நினைத்தார். உட்காரச் சொன்னார். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். சோறு உண்டாச்சுங்களா என்று கேட்டார்.

ரங்கன் கொஞ்ச நேரம் நின்றாராம். பிறகு காலைக் கழுவிக்கொண்டு கூடத்துக்குள் வந்து, இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். ஆல்பிரட் பரிமாறினார். அம்மா செய்வதைப் போலவே, போதும் என்று கையை மறித்த பிறகும் ஒரு கரண்டி வைத்தார். அந்த நேரத்தில், பருத்திச் சாக்கு கேட்டு எங்கள் பெரியப்பா ஒருவர் வாசலுக்கு வந்தார். பார்த்தார். சாக்கைக் கேட்காமலே திரும்பிப் போய்விட்டார்.

மறுநாள் பொழுது சாய்வதற்குள் ஊர் கூடிவிட்டது. தாம்தான் கூப்பிட்டதாகவும், தவறு தம்முடையது என்றும் ஆல்பிரட் எழுந்து நின்று சொன்னார். துரைக்கு நம் பழக்கம் தெரியாது, விட்டுவிடலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ரங்கனுக்கும் ஒரு வழி காட்டினார்கள். துரை வற்புறுத்தினார், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்று சொல்லிக் காலில் விழுந்தால் போதும் என்றார் ஒரு பெரியவர். ரங்கன் தலையைக் குனிந்துகொண்டுதான் பேசினார். "தொரைக்குத் தெரியாதுங்க. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதானுங்க உக்காந்தேன். பசியா இருந்துச்சு, மருவாதியாக் கூப்பிட்டாருங்க."

ரங்கன் அன்றோடு வேலைக்கு வரக்கூடாது, வருகிற அமாவாசைக்குள் அவர் குடும்பம் ஊருக்கு வெளியே அவர்கள் குடியிருந்த வளவைக் காலி செய்துவிட்டு வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. மனைவி, வயதான மாமியார், மூன்று குழந்தைகள். அந்த வளவை விட்டால் ஒண்ட இடமில்லை. அப்பா தலையசைத்தார். அப்பா கொடுமைக்காரர் அல்ல. ஊர்ச் சொல்லுக்கு எதிராக அவர் ஒருநாளும் வாய் திறந்ததில்லை, அவ்வளவுதான். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ரங்கன் வீட்டாருக்குத் தெரிந்திருக்க வழியில்லை.

அதற்கு மறுநாள் காலையில் கூடத்தைச் சாணம் போட்டு மெழுகியபோதுதான் ஆல்பிரட்டுக்கு முழுவதும் விளங்கியது. எதற்காக இன்றைக்கு இரண்டு தடவை மெழுகுகிறீர்கள் என்று அம்மாவைக் கேட்டிருக்கிறார். அம்மா சொன்னார். தொப்பியும் கைத்தடியும் அப்போதுதான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாட்டிறைச்சி தின்று வளர்ந்த ஒருவரைக் கூடத்தில் உட்காரவைத்துப் பரிமாறிய வீடு எங்களுடையது. எங்கள் மாடுகளைப் பிள்ளைகளைப்போல் பார்த்துக்கொண்டவரை அதே கூடத்துக்காகத் துரத்தினோம். இதில் இருக்கும் கோணல் இப்போது எழுதும்போது நேராகத் தெரிகிறது. அப்போது எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.

அன்று மத்தியானம் அம்மா இலை போட்டுக் கூப்பிட்டபோது, ஆல்பிரட் இலையைச் சோற்றோடு இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே போனார். மாடு கட்டுமிடத்தை எங்கள் பக்கம் கட்டுத்தரை என்போம். அதன் மூலையில், தவிட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில், ரங்கனுக்கு வழக்கமாகச் சோறு ஊற்றும் இடம் ஒன்று உண்டு. அங்கே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சுவரில் செருகியிருந்த ரங்கனின் கொட்டாங்குச்சியை எடுத்துத் துடைத்து, அதில்தான் தமக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். அம்மா பதறிப்போய்க் காரணம் கேட்டார். "இது ரங்கன் எடமுங்க. அவரு வர்ற வரைக்கும் நான் பாத்துக்கறேனுங்க" என்றார் ஆல்பிரட். சண்டை போடவில்லை, யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. சாப்பிட்டுவிட்டு, இலையை எடுத்துப் போட்டுவிட்டு, காட்டுக்குப் போய்விட்டார். ராத்திரியும் அதே இடம். மறுநாளும் அதே இடம்.

வீட்டுக்கு வந்தவர் முதலில் உண்ண வேண்டும், பிறகுதான் வீட்டுப் பெண் இலையில் உட்காருவார். இது எங்கள் வழக்கம். கட்டுத்தரையில் உண்டது அம்மாவின் கணக்கில் உண்டதாகவே சேரவில்லை. ஆகவே அவரும் உண்ணவில்லை. அப்பா முதல் நாள் கத்தினார், இரண்டாம் நாள் கெஞ்சினார். மூன்றாம் நாள் அம்மா வாய் திறந்தார்.

"ஊட்டுக்கு வந்தவங்க மாட்டுக்குப் பக்கத்துல உக்காந்து உங்கறப்ப எனக்குச் சோறு எறங்குலீங்க. அந்தப் பையன் நான் சொல்லிக்குடுத்ததத்தானுங்க செஞ்சுது. கூப்புடறதுக்கு முன்னால என்ன சாதின்னு கேட்டுக்கோன்னு நான் சொல்லிக்குடுக்குலீங்க. அது என்ற தப்பு. தொரத்தறதுன்னா என்னையத் தொரத்துங்க."

அப்பா எழுந்து போய்ப் பருத்திக் காட்டை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். மறுநாள், அமாவாசைக்கு இரண்டு நாள் இருக்கும்போது, பருத்தி வெடித்து மண்ணில் உதிர்கிறது, காட்டுக்கு ஆள் போதவில்லை, இந்த வெள்ளாமை முடியட்டும் என்று ஊரில் சொல்லிவிட்டு ரங்கனுக்கு ஆள் அனுப்பினார். எல்லார் காட்டிலும் பருத்தி வெடித்துக்கொண்டிருந்த நேரம் அது. கையோடு ஆளை விரட்டும் மனநிலையில் யாரும் இல்லை. ஊர் கண்டும் காணாமல் இருந்துவிட்டது. வெள்ளாமை முடிந்தது, அடுத்ததும் முடிந்தது, அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. ரங்கன் இன்றும் அதே வளவில்தான் இருக்கிறார்.

அதற்குமேல் ஒன்றும் மாறிவிடவில்லை. ரங்கனுக்குக் கட்டுத்தரையில்தான் சோறு. ஆல்பிரட்டும் ஊருக்குத் திரும்பும்வரை, நாலு மாதம், தினம் ஒருவேளை அங்கேயே அவரோடு உட்கார்ந்து உண்டார். ராத்திரி மட்டும் அம்மாவுக்காகக் கூடத்துக்கு வந்தார். அம்மாவும் உண்ண ஆரம்பித்தார். இப்படியாக எல்லாரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள்.

இனி என்னுடைய பங்கைச் சொல்ல வேண்டும். ஊர் கூடிய அன்று அப்பா கோபத்தில் எழுதிய கடிதம் மூன்று வாரம் கழித்து லங்காஷயரில் எனக்குக் கிடைத்தது. ஆல்பிரட்டின் மேஜையில், ஆல்பிரட்டின் விளக்கடியில் உட்கார்ந்து, ஆல்பிரட்டுக்கு நான்கு பக்கம் எழுதினேன். விருந்தாளியாக வந்தவர் வீட்டின் மானத்தை வாங்கலாமா, தெரியாத பழக்கத்தில் தலையிடலாமா, எங்கள் குடும்பம் ஊரில் எப்படித் தலைநிமிர்ந்து நடக்கும், அப்பாவிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றெல்லாம் எழுதினேன். நல்ல ஆங்கிலம். திரும்பப் படித்து ஒரு பிழையைக்கூடத் திருத்தினேன். அது அங்கே போய்ச் சேர்ந்தபோது ரங்கன் வேலைக்குத் திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது.

பதில் ஒரு சின்னக் காகிதத்தில் வந்தது. மன்னிப்பைத் தாம் ரங்கனிடம் கேட்டுவிட்டதாகவும், அப்பாவிடம் கேட்க என்ன இருக்கிறதென்று யோசித்துக்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தார். அடுத்த வரி இது. "லிவர்பூலில் நடந்ததை அம்மா எனக்கு எழுதியிருந்தார். அந்தப் பெண்மணியும் தன் வீட்டின் பெயரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்."

அன்று சாப்பாட்டு நேரத்தில் அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சாப்பிட்டேன். என்னவென்று கேட்ட அவர் தாயாரிடம் முதுகுவலி என்றேன். அவர் சுடுநீர்ப் பை கொண்டுவந்து கொடுத்தார். பெரிய வெட்கம் அது. ஆனால் பதில் எழுதவில்லை. வெட்கப்படுவது வேறு, ஒத்துக்கொள்வது வேறு என்று அப்போதுதான் கற்றுக்கொண்டேன்.

ஆனி மாதம் நான் திரும்பினேன். அவருடைய கப்பலுக்கு இரண்டு நாள் இருந்ததால், என்னைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று போத்தனூர் ஜங்ஷனில் காத்திருந்தார். நான் நினைத்திருந்ததைவிடக் குட்டை. முகம் வெயிலில் செங்கல்லாகியிருந்தது. கையைக் குலுக்குவார் என்று நான் நீட்டினேன், கும்பிடுவார் என்று எதிர்பாராததால் தடுமாறினேன். ஒரு மணி நேரம் நடைமேடையில் நடந்தோம். எங்கள் வீட்டுப் பின்கதவு இந்த மழையில் ஊறி இறுகிவிட்டது, கொஞ்சம் தூக்கித் திறக்க வேண்டும், கிணற்றில் மூன்றாம் படி ஆடுகிறது, அம்மாவுக்கு இடது முழங்கால் வலி, கேட்டால் இல்லை என்பார் என்று எனக்குச் சொன்னார். அவர் வீட்டுப் புகைபோக்கியில் குருவி கூடு கட்டியிருக்கிறது, தாயாருக்குக் காலை இருமல் நிற்கவில்லை என்று நான் சொன்னேன். கடிதத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நான் பேச வாயெடுத்தபோதெல்லாம் ஏதோ ஒரு ரயில் வந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நம்ப வேண்டாம். ரயில் ஒன்றுதான் வந்தது, அதில் அவர் ஏறினார். ஜன்னலிலிருந்து, "போயிட்டு வாரேனுங்க" என்றார்.

வரவில்லை. தம் ஊர் மில்லில் பஞ்சு பார்த்துத் தரம் பிரிக்கும் வேலை கிடைத்தது. எங்கள் பக்கத்துக் கம்போடியாப் பருத்தியைக் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் சொல்கிறாராம் என்று அவர் தாயார் பெருமையாக எழுதியிருந்தார். அவருடைய கடிதங்கள் எனக்கு ஆங்கிலத்தில் இருக்கும். கடைசியில் அம்மாவுக்கென்று பெரிய பெரிய தமிழ் எழுத்தில் ஒரு வரி, "சோறு உண்டாச்சுங்களா?" அதன் கீழே, ரங்கனை விசாரித்ததாகச் சொல்லவும் என்று ஒரு வரி. இரண்டையும் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவேன். அதோடு என் வேலை முடிந்தது. அம்மாதான் கட்டுத்தரைக்குப் போய் ரங்கனிடம் சொல்லிவிட்டு வருவார். ஊர் திரும்பியதிலிருந்து நான் ரங்கனிடம் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும்தான் பேசியிருக்கிறேன். மில்லில் எனக்குக் கீழே முந்நூறு பேர் வேலை செய்கிறார்கள். ஒரே ஓர் ஆளிடம் பேசப் பயந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். அதுவரை இரண்டு வாரம் கடத்தியிருந்தேன். பைக்காரா மின்சாரக் கம்பி எங்கள் தோட்டம்வரை வந்துவிட்டது. வளவுக்குப் போகும் பாதையோ இன்னும் அதே ஒற்றையடித் தடம்தான். பிறந்ததிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்த இடத்துக்குள் நான் கால் வைத்தது அதுவே முதல் தடவை. ரங்கன் என்னைப் பார்த்ததும் தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று கேட்டார். இல்லை, ஆல்பிரட் தவறிவிட்டார் என்றேன்.

அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை நாளாயிற்று என்று கேட்டார். எப்படி என்று கேட்டார். அந்த ஊர் மழை அவ்வளவு மோசமா என்று கேட்டார். சொன்னேன். கக்கத்துத் துண்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு தாமாகப் பேசினார்.

"கடசி வரைக்கும் சோத்தைச் சட்டையில சிந்திக்குவாருங்க. ஒருக்கா நான் தொடச்சு உட்டனுங்க." பிறகு, "அன்னைக்கி என்னைய ஊட்டுக்குள்ள கூப்பிட்டாரே, அது தெரியாமக் கூப்பிட்டதுங்க. அதுக்கப்பறம் கட்டுத்தரைக்கு வந்து உக்காந்தாரு பாருங்க, அது தெரிஞ்சு வந்ததுங்க" என்றார்.

கொஞ்சம் தள்ளி அவருக்கெதிரே நானும் மண்ணில் உட்கார்ந்தேன். "ரங்கன், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

அவர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். சுற்றிலும் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். ஊர்க்கவுண்டர் வீட்டு ஆடு மேய்ப்பவரும் தடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சுதானுங்களா கேக்கறீங்க?"

"தெரிஞ்சுதானுங்க."

ரங்கனின் மனைவி ஈயப் போசியில் தண்ணீர் கொண்டுவந்தார். ரங்கன் அதை வாங்கிக்கொண்டு எழுந்தார். கை பழக்கத்தில் தரைப்பக்கம் தாழ்ந்தது. பாதியில் நின்றது. பிறகு நிமிர்ந்து, போசியை என் கையில் கொடுத்தார். அவர் விரல்கள் என் விரல்கள்மேல் பட்டன. குடித்தேன்.

ஊர் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லும். அப்பாவும் இதுவரை எதுவும் கேட்கவில்லை. அம்மா மட்டும், சொல்லியாச்சுங்களா என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு, இலை போடப் போய்விட்டார்.

ஆல்பிரட், நீங்கள் எழுதிய அந்தச் சின்னக் காகிதம் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. அதற்கு நான் எழுதியிருக்க வேண்டிய பதிலை நீங்கள் இருக்கும்போது எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். நீங்கள் செய்தது சரி. நான் எழுதியது தவறு. ரங்கன் வீட்டில் தண்ணீர் குடித்தேன், கையில் வாங்கிக் குடித்தேன். போய் வாருங்கள்.